சூசையண்ணையின் எதிர்க் கதிரை

சூசையண்ணை போய்விட்டார் என்ற செய்தியை எனக்குக் கொண்டுவந்தவர் ஒரு வெள்ளைக்காரர். காலை பத்து மணி இருக்கும். பாரிசில் ரூ து ஃபொபூர் சேன்-தெனி தெருவில் என் பலசரக்குக் கடை வாசலில் முருங்கைக்காய்ப் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தோம். முசியே ஜெரார் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி வந்தார். தூறலில் தலை நனைந்திருந்தது. "சூசை போயிட்டார்" என்று தமிழிலேயே சொன்னார். மிச்சத்தைப் பிரெஞ்சில் சொன்னார்: எட்டேகால் மணிக்கு, நித்திரையில், நோவில்லாமல்.

உள்ளதைச் சொல்கிறேன். எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை. 'இந்த மனிதனுக்கு எனக்கு முந்தி எப்படித் தெரிந்தது?' என்ற கேள்விதான் வந்தது. ஆஸ்பத்திரிப் பதிவில் அவசரத்துக்கு அழைக்க வேண்டிய ஆளாக என் பெயர்தான் இருந்தது. அவர்கள் அழைத்திருக்கிறார்கள், என் போன் உள்ளே சார்ஜில் கிடந்திருக்கிறது. அது ஒரு பக்கம். சூசையண்ணை எந்த ஆஸ்பத்திரியில் கிடக்கிறார் என்பதே ஜெராருக்குத் தெரியாது என்று நான் நம்பியிருந்தேன். ஏன் அப்படி நம்பினேன் என்பதைப் பின்னால் சொல்கிறேன். சொல்லாமல் விட்டால் இந்த முப்பத்தோராம் நாள் நினைவு மலரில் எழுத எனக்கு அருகதை இல்லை.

என்னை எழுதக் கேட்டவர் கனடாவில் இருக்கும் அண்ணையின் மருமகள், அவருடைய சகோதரியின் மகள். 'சிவம் அங்கிள், மாமாவுக்கு ஆக நெருக்கமான சிநேகிதர் நீங்கள்தான்' என்று செய்தி போட்டிருந்தார். அந்த வரியை நான் ஜெராருக்கும் காட்டினேன். அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. ஆகையால் மொழிபெயர்த்தும் சொன்னேன்.

அண்ணையைத் தெரியாதவர்களுக்காக: சவரிமுத்து சூசைதாசன் மன்னாரில் பிறந்தவர். பாரிசில் முப்பத்துநாலு வருடம் உணவகங்களில் கோப்பை கழுவினார். கலியாணம் கட்டவில்லை. லா சப்பலில் ஆறாம் மாடியில், மின்தூக்கி இல்லாத கட்டடத்தில், ஒரே அறையில் இருந்தார். நான் இந்த ஊருக்கு வந்து இறங்கிய முதல் ஏழு மாதமும் அந்த அறையில்தான் படுத்தேன். அப்போது நாங்கள் ஐந்து பேர். அண்ணை வேலை முடிந்து வந்து எங்களுக்கும் சேர்த்துச் சமைப்பார். எனக்குத் தன்னுடைய உணவகத்திலேயே வேலையும் எடுத்துத் தந்தார். பதினாறாம் நாள் நான் அதை விட்டுவிட்டு மெத்ரோ ரயில் நிலைய வாசலில் பெட்டி போட்டுக் கறிவேப்பிலையும் பச்சைமிளகாயும் விற்கப் போனேன். மற்றவர்கள் சிரித்தார்கள். அண்ணை மட்டும், "உம்மட கை கழுவுற கை இல்லைத் தம்பி, விக்கிற கை" என்றார். இன்றைக்கு எனக்கு இந்தத் தெருவில் இரண்டு கடை, ஒபர்வில்லியேயில் ஒரு களஞ்சியம். அவர் கடைசிவரை அதே ஆறாம் மாடி.

அப்படியானால் யார் யாரைப் பார்த்துப் பொறாமைப்பட வேண்டும்? நான்தான் பட்டேன். இருபது வருடத்துக்கு மேலாக.

பொறாமை அவருடைய ஈயச் சிப்பாய்களில் தொடங்கியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இருவரும் பழைய சாமான் சந்தைக்குப் போனோம். நான் தராசு தேடினேன். அண்ணை ஒரு சப்பாத்துப் பெட்டிக்கு முன்னால் குந்திவிட்டார். உள்ளே விரல் உயரத்தில் ஈயப் பொம்மைகள். ஒன்றை எடுத்தார். அகலத் தொப்பி, தாடி, பட்டாளத்து உடுப்பு இல்லை, தோளில் துவக்கு.

"இவனை எனக்குத் தெரியும்" என்றார்.

"ஆரண்ணை?"

"போயர். எங்கட நாட்டில மறியல் இருந்தவன்."

அண்ணையின் தகப்பனார் ரயில்வேயில் வேலை பார்த்தவர். மலைநாட்டுத் தியத்தலாவையில் கொஞ்சக் காலம் இருந்திருக்கிறார்கள். தென்னாபிரிக்காவில் குடியேறிய ஒல்லாந்தர்தான் போயர். அவர்களுடைய யுத்தத்தில் பிடிபட்டவர்களை இங்கிலிஸ்காரன் கப்பலில் ஏற்றி இலங்கைக்குக் கொண்டுவந்து அந்த மலையில்தான் அடைத்து வைத்தானாம். அண்ணை பள்ளிக்கூடம் போன வழியில் அவர்களுடைய கல்லறைகள். தென்னாபிரிக்காவில் மாடு மேய்த்தவன் ஏன் தியத்தலாவையில் வந்து செத்தான் என்று சின்ன வயதில் கேட்டதற்கு ஒருத்தரும் மறுமொழி சொல்லவில்லையாம். பாரிசில் கோப்பை கழுவிக்கொண்டு அவரே தேடிப் படித்தார். பிரெஞ்சில், அகராதியும் கையுமாக.

அந்தச் சப்பாத்துப் பெட்டி பெருகி ஒரு மேசையை மூடியது. போயர் ஒரு பக்கம், இங்கிலிஸ்காரர் மறுபக்கம். எல்லாவற்றுக்கும் அவரே நிறம் தீட்டினார். தளபதிகளுக்குத் தமிழில் பட்டம் வைத்திருந்தார். எத்தனை பட்டாளம் சுற்றி வளைத்தாலும் குதிரையோடு தப்பிவிடும் போயர் தளபதி 'நழுவன்'. ஆற்றைக் கடக்கப் போய்ப் போய் அடி வாங்கித் திரும்பிய இங்கிலிஸ் ஜெனரல் 'திரும்பிவாறவர்'. பண்ணைகளை எரித்து, பெண்களையும் பிள்ளைகளையும் முள்ளுக்கம்பிக்குள் போட்ட ஜெனரல் 'மீசை'. மீசையைத் தீட்டும்போது அண்ணை ஒருபோதும் பேச மாட்டார். இரண்டு படைக்கும் பின்னால் வண்டி இழுக்கிற, வழி காட்டுகிற கறுத்த ஆட்களும் நின்றார்கள். "சண்டை இவையின்ர. மண் அவையின்ர" என்று முதலில் படைகளையும் பிறகு அந்த ஆட்களையும் காட்டுவார். போயர்களை அவர் நேசித்தார், ஆனால் புனிதர் ஆக்கவில்லை.

துவக்கு இல்லாமல் ஒரு பெட்டியில் குந்தியிருக்கும் போயர் ஒருவன் தனியாக உண்டு. 'கைதி'. யுத்தம் முடிந்து, அரசருக்கு விசுவாசம் என்று கையெழுத்து வைத்தால் ஊருக்குப் போகலாம் என்றபோது வைக்க மாட்டேன் என்று இலங்கையிலேயே நின்றவன். அவனை அண்ணை எந்தச் சண்டையிலும் நகர்த்த மாட்டார். மேசை ஓரத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருப்பான்.

அவருடைய சட்டம் லேசானது. ஒரு முறைக்கு ஒரு ஆளை நாலு விரல் அகலம் நகர்த்தலாம். இடையில் மலை இல்லாமல் எதிராளியின் துவக்குக்கு நேரே வந்துவிட்டால் விழ வேண்டும். அண்ணை எப்போதும் போயர். எதிர்க் கதிரையில் இருப்பவர் இங்கிலிஸ்காரர்.

அந்த எதிர்க் கதிரை எனக்கு வேண்டியிருந்தது. சின்னப்பிள்ளைத்தனம் என்று நினைப்பீர்கள். வன்னிக்குப் போகிற சாமானையும் பாண்டிச்சேரியிலிருந்து வருகிற சாமானையும் ஒரே நாளில் கையாள்கிற மனிதனுக்கு ஒரு மடக்குக் கதிரை ஏன்? எனக்கும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் இறைச்சிக்கறிப் பாத்திரத்தோடு ஆறு மாடி ஏறுவேன். "இருமன் தம்பி" என்று கதிரையைக் காட்டுவார். "இல்லை அண்ணை, கடை" என்பேன். வாசலில் நின்று மேசையைப் பார்த்துவிட்டு இறங்கிவிடுவேன். இப்படியே வருடக்கணக்கு. பிறகு ஒரு ஞாயிறு, இன்றைக்கு இருந்தே தீர்வது என்று கடையை மத்தியானமே பூட்டிவிட்டு ஏறினேன். கதிரையில் ஜெரார் இருந்தார்.

ஜெரார் எங்கள் தெருவின் தபாற்காரர். கடிதம் கொடுக்க ஏறினவர் மேசையைக் கண்டிருக்கிறார். அவருடைய பாட்டனார் அந்த யுத்தத்தில் போயர் பக்கம் சண்டை பிடிக்கப் பிரான்சிலிருந்து தானாகவே போனவராம். எனக்கு எங்கே போவது இப்படி ஒரு பாட்டனாருக்கு? என் பாட்டனார் சுருட்டு வியாபாரி.

அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் ஜெரார். ஓய்வு பெற்ற பிறகும் ஜெரார். "ஓம்", "வாங்கோ", "விசர்" என்று முதலில் மூன்று தமிழ்ச் சொல் பழகிக்கொண்டு என் கடைக்கே வந்து என் வாடிக்கையாளர்களைச் சிரிக்க வைப்பார். என் மனைவி, "அந்த மனுசனுக்கு உங்களைவிட நல்லாச் சிரிக்கத் தெரியுது" என்றாள். நான் அவருக்கு வெண்டிக்காய் நிறுத்துக் கொடுக்கும்போது முற்றலாகப் பார்த்து எடுத்தேன். இதையும் எழுதத்தான் வேண்டும்.

ஜெராரை முந்த ஒரு வழி கண்டேன். அண்ணையின் அறுபதாவது பிறந்தநாளுக்கு, தெரிந்த வியாபாரி ஒருவரிடம் சொல்லி இங்கிலிஸ்காரர் பெட்டி ஒன்று எடுத்தேன். மரப்பெட்டி, உள்ளே வெல்வெட், பன்னிரண்டு சிப்பாய்கள், பளபளவென்று சிவப்புச் சட்டை. அறை நிறைய ஆட்கள் இருக்கும்போது திறந்து கொடுத்தேன். அண்ணை பார்த்தார். ஜெரார் பார்த்தார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். முதலில் ஜெரார்தான் சிரித்தார்.

"தம்பி" என்றார் அண்ணை, "அந்த யுத்தத்தில இங்கிலிஸ்காரன் காக்கி. சிவப்பைப் போட்டுக்கொண்டு போயிருந்தால் போயர் தூரத்தில நிண்டே முடிச்சிருப்பான். இவையள் வேற சண்டைக்கு வந்த ஆக்கள்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சரக்கைப் பார்க்காமல் பெட்டியைப் பார்த்து வாங்கிவிட்டேன். என் தொழிலில் நான் ஒருவரையும் செய்ய விடாத பிழை. அதற்குப் பிறகு ஐந்து மாதம் நான் படி ஏறவில்லை. கறிப் பாத்திரத்தை ஆள் மூலம் அனுப்பினேன்.

ஆறாம் மாதம் அண்ணையே கடைக்கு வந்தார். பாத்திரங்கள் நாலைந்தையும் கழுவித் துடைத்துப் பையில் கொண்டுவந்து மேசையில் வைத்தார். "கறி வருகுது, ஆள் வரேல்லை" என்றார். அவ்வளவுதான். நான் திரும்ப ஏறத் தொடங்கினேன். அந்தச் சிவப்புச் சட்டைகளை மேசையில் எங்கும் காணவில்லை. எங்கே என்று கேட்கவும் எனக்கு வாய் வரவில்லை.

இனி ஆஸ்பத்திரிக் கதை. ஒரு வெள்ளிக்கிழமை அண்ணைக்கு மெத்ரோப் படியில் நெஞ்சு நொந்தது. எனக்கு அழைப்பு வந்தது, ஓடினேன். ஞாயிறு ஜெரார் வழமைபோல ஆறு மாடி ஏறி, மணியடித்து, ஆளில்லாமல் இறங்கி என் கடைக்கு வந்தார்.

"சூசை எங்கே? உங்களுக்குத் தெரியுமா?"

எப்படி அந்தச் சொல் வாயில் வந்தது என்று தெரியவில்லை. "ஆர்ஜொந்தெய்யில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விட்டார். கொஞ்ச நாள் நிற்பார்" என்றேன். அண்ணைக்கு ஆர்ஜொந்தெய்யில் ஒரு சொந்தமும் இல்லை. ஜெரார் தன் தொலைபேசி எண்ணை ஒரு துண்டில் எழுதி, "வந்தால் சொல்லுங்கள்" என்று தந்தார். அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன்.

அடுத்த நாள் பின்னேரம் நான் போனபோது அண்ணைக்குப் பேசத் தெம்பு வந்திருந்தது. முதல் கேட்டது, "தம்பி, ஜெரார் வரேல்லையோ?"

"காணேல்லை அண்ணை."

என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "வீட்டில சப்பாத்துப் பெட்டியில இருந்து ஆறு இங்கிலிஸ்காரரையும் அஞ்சு போயரையும் கொண்டுவாரும். கைதியை மறக்காதையும்" என்றார்.

இப்படித்தான் எனக்கு அந்தக் கதிரை கிடைத்தது. சாப்பாட்டுத் தட்டு வைக்கும் சில்லு மேசைதான் களம். கவிழ்த்த தயிர்க் கோப்பைகள் மலைகள். காயத்துக்குக் கட்டும் துணிதான் ஆறு. "நீர் போயர்" என்றார். நான் திகைத்தேன். போயரை அவர் ஒருவருக்கும் விட்டுக் கொடுத்ததில்லை. "எனக்குக் களைப்பாக் கிடக்கு. இங்கிலிஸ்காரனுக்கு ஓடத் தேவையில்லை. ஒரு நாளைக்கு ஒரு நகர்த்தல் காணும். நான் காலமை நகர்த்தி வைப்பன், நீர் பின்னேரம் வந்து நகர்த்தும்."

மூன்று கிழமை. அதுவே என் ஆக நல்ல காலம் என்று சொன்னால் என் வீட்டார் மன்னிக்க வேண்டும். மூன்று மணிக்குக் கடையை விட்டுப் போவேன். மேசையில் இங்கிலிஸ்காரன் ஒருவன் நகர்ந்திருப்பான். நான் அரைமணி நேரம் யோசித்து ஒரு போயரை நகர்த்துவேன். அண்ணை தலையணையில் சாய்ந்தபடி நக்கலடிப்பார்.

"கடைக்காரன் மாதிரி விளையாடுறீர் காணும். சரக்கைக் காப்பாத்துறீர், சந்தையை விடுறீர்."

"ஆள் போனால் திரும்ப வருமோ அண்ணை?"

"நழுவனும் இப்பிடித்தான் நினைச்சவன். சரி, நழுவும்."

ஆனால் இங்கிலிஸ்காரரின் ஆட்டம் எனக்குப் புரியவில்லை. அண்ணையின் ஆட்டம் சுற்றி வளைப்பது. எனக்கு வாசலில் நின்று பார்த்தே தெரியும். இதுவோ நேரே, வரிசையாக, பிடிவாதமாக ஆற்றை நோக்கி வந்தது. கையில் ஊசி குத்திக் கிடக்கும் மனிதனுக்கு எங்கேயிருந்து இவ்வளவு அவசரம் என்று நினைத்தேன். ஒரு நாள் விழுந்த இங்கிலிஸ்காரன் ஒருவனைத் தூக்கும்போது முழங்கையில் நிறம் உரிந்திருந்தது. காக்கிக்குக் கீழே சிவப்பு. மற்றவனைத் திருப்பினேன். அவனுக்கும் சிவப்பு. ஆறு பேரும் என்னுடைய சிப்பாய்கள்.

அண்ணை கண்ணை மூடியிருந்தார். "நல்ல ஈயம் தம்பி" என்றார். "நிறந்தான் பிழை."

அன்றைக்காவது நான் சொல்லியிருக்க வேண்டும். அவர் வழியும் விட்டார். ஒவ்வொரு பின்னேரமும் நான் எழும்பும்போது ஒரே கேள்வி. "ஜெரார் வரேல்லையோ?" ஒவ்வொரு பின்னேரமும் ஒரே மறுமொழி. "காணேல்லை அண்ணை." ஒரு நாள், "ஒரு போன் எடுத்துப் பாருமன்" என்றார். "நம்பர் இல்லை அண்ணை" என்றேன். துண்டு என் சட்டைப் பையில் இருந்தது. அவர் கோபிக்கவில்லை. "சரி, நாளைக்கு வாரும்" என்றார்.

இருபத்தோராம் நாள் காலையில்தான் ஜெரார் தொப்பியோடு என் கடைக்கு வந்தார்.

தேவாலயப் பூசையில், சவப்பெட்டி மூடுவதற்கு முன், ஜெரார் கிட்டப் போய் அண்ணையின் கோட்டுப் பைக்குள் எதையோ வைத்தார். கைதி. அந்த யோசனை எனக்கு ஏன் வரவில்லை என்று அடக்கத்துக்குச் சேமக்காலை போய்ச் சேரும்வரை நான் எரிந்துகொண்டிருந்தேன். இறந்தவருக்கு முன்னால் நின்றும் இப்படி எரிகிறதே என்று அதற்கு மேலாக வெட்கம்.

அடுத்த ஞாயிறு அறையை ஒதுக்க இரண்டு பேரும் ஏறினோம். ஆஸ்பத்திரியில் தந்த பையிலிருந்து நான் சிப்பாய்களை எடுத்து மேசையில் வைத்தேன். ஜெரார் சட்டைக்குள்ளிருந்து ஒரு சின்னக் கொப்பியை எடுத்தார். ஒவ்வொரு பக்கத்திலும் களத்தின் படம், தபாற்காரருடைய ஒழுங்கான கையெழுத்தில்.

"கடைசிச் சண்டை" என்றார். "ஒவ்வொரு காலையும் நான் ஒரு நகர்த்தல். சூசை பின்னேரம் நகர்த்தி வைப்பார். நான் போகும்போது மாறியிருக்கும். இவ்வளவு கள்ளத்தனமாக அவர் முன்பு விளையாடியதே இல்லை."

நான் கொப்பியை வாங்கிப் பார்த்தேன். ஐந்தாம் பக்கத்தில் ஒரு போயர் இரண்டாம் தயிர்க் கோப்பைக்குப் பின்னால் பதுங்கியிருந்தான். அவனை அங்கே வைக்க எனக்கு முக்கால்மணி நேரம் எடுத்தது.

"இது நான்" என்றேன்.

"எது?"

"பின்னேரம் நகர்த்தியது நான். காலையில் தான் நகர்த்தியதாக அண்ணை எனக்குச் சொன்னார்."

ஜெரார் கதிரையில் இருந்துவிட்டார். நான் நின்றேன். மூன்று கிழமையும் ஒருவரோடொருவர் விளையாடியிருக்கிறோம். அண்ணை நடுவில் படுத்திருந்து இரண்டு பேருக்கும் வாய் திறக்கவில்லை.

"நீங்கள் வந்தது எப்படி?" என்று கேட்டேன்.

"அந்தத் திங்கட்கிழமை காலை தாதியின் போனில் சூசை என்னை அழைத்தார். காலையில் வா, பின்னேரம் சிவம் வருவார் என்றார். ஆர்ஜொந்தெய் என்று சிவம் சொன்னாரே என்றேன். நிறையச் சிரித்தார், தாதி ஏசினாள். அதைப் பற்றிச் சிவத்திடம் கேட்காதே, அவரே சொல்லுவார் என்றார்."

அந்த முதல் திங்கட்கிழமைக் காலையிலேயே தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டுதான் இருபது பின்னேரமும் கேட்டிருக்கிறார். நான் சட்டைப் பையிலிருந்து துண்டை எடுத்து மேசையில் வைத்தேன். மடிப்பில் கிழிந்திருந்தது. ஜெரார் தன் எண்ணை வாசித்துப் பார்த்தார்.

"ஏன்?"

"உங்களுடைய கதிரை" என்றேன்.

அவர் துண்டைத் திரும்ப மடித்தார். பிறகு சொன்னார்: "பதினெட்டு வருடம் உங்களுடைய கறியின் மணத்தில் விளையாடினேன். ஒரு நாளும் எனக்கு ஒரு கரண்டி தரவில்லை. 'இது சிவம் கொண்டுவந்தது' என்று மூடி வைத்துவிடுவார்."

இதைக் கேட்டு எனக்கு வந்த சந்தோசத்தை இங்கே அளந்து எழுத மாட்டேன். அழுகை அதற்குப் பிறகுதான் வந்தது.

அண்ணை, உங்களுடைய மேசை இப்போது என் கடையின் பின்னறையில். அந்த மடக்குக் கதிரைக்கு இரண்டு பேரும் அடிபட்டோம். கடைசியில் ஒரே மாதிரி இரண்டு வாங்கினேன். நீங்கள் போன காலையில் ஜெரார் ஒருவனை ஆற்றங்கரைக்குக் கொண்டுவந்து வைத்திருக்கிறார், கொப்பியில் இருக்கிறது. நீங்கள் கண் மூடும்போது பக்கத்தில் இருந்தது அவர், நான் இல்லை. அந்த எரிச்சல் எனக்கு இன்னும் அடங்கவில்லை. அடங்கும் என்று பொய் சொல்லவும் மாட்டேன். உங்களுக்குச் சொன்ன பொய் போதும்.

நிம்மதியாகப் போய் இருங்கோ. நீங்கள் கேட்ட கேள்விக்கு மறுமொழி பிந்திவிட்டது. ஓம் அண்ணை, ஜெரார் வந்தவர். எனக்கு முன்னால் இருக்கிறார், கறி சாப்பிட்டுவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, நேரத்தைப் பார்த்துக்கொண்டு. இப்போது என்ர முறை.

— க. சிவலிங்கம், லா சப்பல்